பிழைக்கும் ஒண்டு

மெல்பேர்ணிலயிருந்து வந்த அமலதாசன்
பையைத் திறந்து எடுத்தது
பப்பாசிக்காய் மாதிரி ஒரு பந்து.

உதைபந்தாட்டமாம். கையாலும் பிடிக்கலாமாம்.
எறிஞ்சால் குற்றம்,
உள்ளங்கையில வைச்சுக் குத்தினால் சரி.
முன்னால நிக்கிறவன்ர முதுகில கை வைக்கக்கூடாது;
முழங்காலை வைச்சு ஏறலாம்.

துணுக்காயில அறுவடை முடிஞ்ச வயல்,
வரம்பு வெட்டி, சாம்பலால முட்டைக்கோடு,
பாலைத்தடி நாலு.
"நடுவால போனால் ஆறு,
பக்கத்தால போனால் ஒண்டு."

"பிழைச்சதுக்கும் புள்ளியோ?"
கேட்டது யசிந்தன்.
மூண்டு தரம் உயர்தரம் எழுதினவன்.

"சரி, தடியில பட்டு உள்ள போனால்?"
"அதுவும் ஒண்டுதான்."
"ஏன்?"
அமலதாசன் பந்தின்ர தையலைச் சுரண்டினான்.
"அங்கயும் நான் கேட்டனான்."

நாங்கள் ஒரேயொரு கோல் அடிச்சம்.
யசிந்தன்ர ஆக்கள் ஒண்டுமே அடிக்கேல்லை,
ஏழு தரம் பிழைவிட்டு
வெண்டிட்டினம்.

கைதட்டுறதோ சிரிக்கிறதோ எண்டு
அவைக்கே தெரியேல்லை.
பந்து நேராய் விழுந்து
கோணலாய் எழும்பி
வாய்க்காலுக்குள்ள போச்சு.
எடுக்க இறங்கின யசிந்தன்
முழங்கால் தண்ணியில நிண்டபடி
திரும்பவும் கேட்டான்:
"ஏழும் பிழைதானே?"