பதினோரு நொடி

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
லேத் பட்டறை மாடியில் எங்கள் அறை.
பத்து மணிக்குக் கீழே இரும்பு கதறத் தொடங்கும்.
காதால் செய்கிற வேலை அதற்குள் முடியணும்.
மின்வெட்டு வந்தால் எனக்குக் கொண்டாட்டம்:
பட்டறை நிற்கும், யுபிஎஸ் நாற்பது நிமிடம் தாங்கும்.

என்ன வேலை என்று மாமனார் கேட்டார்.
"குரல் ஒன்று, படம் ஒன்று, எழுத்து ஒன்று.
மூன்றும் ஒரே நேரத்தில் வந்து சேரணும்."
"முகூர்த்தத்தில் மேளம், மந்திரம், தாலி மாதிரி" என்றார்.
இதைவிடச் சரியாக நானும் சொன்னதில்லை.

ரஹ்மத்நிஷா மேடம்
கோரிப்பாளையத்திலிருந்து ஜெர்மன் நடத்துகிறார்.
அறுபத்திரண்டு பாடம், எல்லாம் நர்சுகளுக்கு.
முதல் நிமிடத்தில், சொல் கேட்கும்போதே சொல் மஞ்சளாகும்.
பத்தாம் நிமிடத்தில் மஞ்சள் கொஞ்சம் பின்தங்கும்.
முப்பதாவதில் அவர் 'காய்ச்சல்' என்கிறார்,
திரை இன்னும் 'தலைவலி'யில் நிற்கிறது.
இது தாமதம் இல்லை, நழுவல்.
தாமதத்தை ஒரே இழுப்பில் சரிசெய்துவிடலாம்.
நழுவலுக்கு மூலம் தேடணும்:
ஒலியைப் பதிந்த கருவியும் படத்தைப் பதிந்த கருவியும்
வேறு வேறு நீளத்தில்
ஒரு நொடியை நம்பிக்கொண்டிருக்கும்.

பதினேழாம் பாடம்தான் என்னைப் படுத்தியது.
இஹ் ரூஃப டிஹ் மோர்கன் ஆன்.
நாளைக்கு உன்னைக் கூப்பிடுகிறேன்.
நாம் வினையை முழுசாகக் கடைசிக்கு வைத்திருக்கிறோம்.
அவர்கள் அதைப் பிய்த்து
பாதியை முன்னால் போட்டு
மீதியை வாக்கியத்தின் கடைசியில் விடுகிறார்கள்,
ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குள் வந்தவர்கள் மாதிரி.
'ரூஃப' வரும்போது எதை மஞ்சளாக்குவது?
'கூப்பிடு'வையா? அது இன்னும் முழுசாக நடக்கவில்லையே.
கடைசியில், முதல் பாதிக்கு வெளிர் மஞ்சள்,
'ஆன்' விழுந்ததும் இரண்டுக்கும் அடர் மஞ்சள்.
ஒரு பகல் போனது இதற்கு.

இரண்டு நொடிக்கு மேல் மௌனம் கண்டால் வெட்டு என்று
மென்பொருளுக்குச் சொல்லிவைத்ததும் நான்தான்.
பிள்ளைகளுக்கு டேட்டா மிச்சமாகட்டுமே.

ராத்திரி இரண்டு மணிக்கு வாட்ஸாப்பில் ஒரு குரல்.
கருமாத்தூர் ஆக்னஸ் ரூபி, ஐசியூவில் இரவுப் பணி.
பின்னால் மானிட்டர் பிப் பிப் என்கிறது.
"சார், பழைய வீடியோல
இருபத்துமூணாம் நிமிசத்துல மேடம் பேசாம இருப்பாங்க.
அந்தக் கேப்புல நான் ஒருக்கா சொல்லிப் பாப்பேன்.
நான் முடிக்கவும் மேடம் 'கூட்'டுங்கவும் சரியா இருக்கும்.
புதுசுல அதக் காணோம்.
மேடம் பேசிக்கிட்டே போறாங்க.
எனக்கு வாய் தொறக்க எடமில்ல."

மூலக் கோப்பைத் திறந்தேன்.
இருபத்துமூன்று பதினான்கிலிருந்து இருபத்தைந்து வரை
ஸ்லைடு அசையவில்லை.
அலைக்கோடு பாயில் படுத்தமாதிரி கிடக்கிறது.
ஹெட்போனை அழுத்திக் கேட்டால்
ஒரு கதவு, எட்டத்தில் ஹாரன்,
பிளாஸ்டிக் உருளும் சத்தம்.

மேடத்திடம் கேட்டேன். சிரித்துவிட்டார்.
"கார்ப்பரேஷன் தண்ணி லாரிப்பா.
குடத்த வரிசையில போட ஓடுனேன்.
அத வெட்டலையா நீ?"
அப்புறம் அந்தக் 'கூட்'?
"குடத்துக்கு எடம் கெடச்சதுக்கு."

ஆக்னசிடம் இதைச் சொல்லவில்லை.
வெட்டியதை ஒட்டினேன்.
பின்னால் வருகிற நானூற்றுப் பன்னிரண்டு வரிகளையும்
பதினோரு நொடி தள்ளி உட்காரவைத்தேன்.
வரி ஏதும் தராவிட்டால்
பழைய வரியையே திரை பிடித்துக்கொண்டிருக்கும்.
அதனால் ஒரு வெற்று வரி:
தொடக்க நேரம், முடிவு நேரம்,
நடுவில் ஒரே ஒரு இடைவெளி.
அதற்கும் வரிசை எண் உண்டு. இருநூற்று ஆறு.

நேற்று மின்வெட்டில் ஓட்டிப் பார்த்தேன்.
இருநூற்று ஆறு வந்தது. மஞ்சள் அணைந்தது.
அறையில் யாருமில்லை.
இஹ் ரூஃப டிஹ் மோர்கன் என்று
நானே சொல்லிக்கொண்டிருந்தேன்,
அந்த மிச்சப் பாதி வாய்க்கு வருவதற்குள்
கரண்ட் வந்து
கீழே லேத் ஓடத் தொடங்கிவிட்டது.