வெற்று வண்டியின் எடை

வேலை தேடும் தளத்தில்
என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் வட்டம்.
தோள் உண்டு, தலை உண்டு,
கண் மூக்கு இல்லை.
"படம் வையுங்கள், ஹெட்விகா"
என்று தினமும் காலையில் கேட்கிறது,
கடன் கொடுத்தவன் மாதிரி.

இருபத்தாறு வருஷம்
ஓஸ்ட்ராவாவில் ஒரு நிலக்கரிக் கிடங்கின் வாசலில்
எடைமேடையில் இருந்தேன்.
அங்கே வந்தவர்கள் சின்னச் சன்னல் வழியாக
என் கையை மட்டும்தான் பார்த்தார்கள்.
சீட்டை நீட்டும் கை.
கையைச் சிரிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் மாடி ராதிம்
விற்பனைக்கு வரும் வீடுகளைப் படம் பிடிக்கிறவன்.
குளியலறையைக் கூடமாகக் காட்டுகிற லென்ஸ்
அவனிடம் இருக்கிறது.
வந்தான்.
திரைச்சீலையை விலக்கினான்.
துணி காயப்போட்ட சட்டத்தை மடக்கினான்.
கழிப்பறைக் கதவைச் சாத்தினான்.
கடைசியாக என் பக்கம் திரும்பி
"கொஞ்சம் காற்றோட்டமாக இருங்கள்" என்றான்.

நாற்பத்தோரு படங்கள்.
பதினோராவதில் நான் ஏலத்துக்கு வந்த வீடு.
பத்தொன்பதாவதில் கைகட்டி நிற்கிறேன்,
யாரோ சீட்டுப் பணத்தோடு ஓடிவிட்டதுபோல.
இருபத்தேழில் உதடு சிரித்துவிட்டது,
கண்ணுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை.
முப்பதில் கழுத்துச் சுருக்கங்களைத் துடைத்திருந்தான்.
அவை என் அம்மா கொடுத்தவை.
அம்மாவும் போய்விட்டாள்.

மகன் லுபோர் ஒரு செயலி அனுப்பினான்.
அது எனக்குக் கோட்டு மாட்டியது.
நான் வாங்காத கோட்டு,
நான் ஏறாத மாடியின் கண்ணாடிச் சுவர்,
எண்ணிக்கையில் ஒன்றிரண்டு கூடுதலான பற்கள்.
அந்தப் பெண்மணியை எனக்குப் பிடித்திருந்தது.
அவளை வேலைக்கு வைத்துக்கொள்வேன்.
சாவியை மட்டும் கொடுக்க மாட்டேன்.

எடைமேடையில் ஒரே கணக்குதான்.
சரக்கோடு வண்டியை நிறுக்க வேண்டும்,
சரக்கு இறங்கியதும் வெற்று வண்டியை நிறுக்க வேண்டும்,
கழிக்க வேண்டும்.
மிச்சம்தான் நிலக்கரி.
டிரைவர்கள் சும்மா இருப்பார்களா,
மழையில் ஊறிய தார்ப்பாய், உபரிச் சக்கரம்,
ஒருமுறை இருக்கைக்கு அடியில்
குறட்டை விட்ட மைத்துனன்.
சத்தத்திலேயே கண்டுபிடிப்பேன்.
அதே மாதிரி இந்தப் படங்களையும் நிறுத்தேன்.
கோட்டைக் கழித்தேன், விளக்கைக் கழித்தேன்,
ராதிமைக் கழித்தேன்.
முள் பூஜ்யத்தில் வந்து நின்றது.

போனில் பழைய படம் ஒன்று கிடந்தது.
மார்ச் மாதம், கிடங்கு மூடிய நாள்.
காரில் ஏறி உட்கார்ந்தேன், கிளப்பவில்லை.
முடி கலைந்திருக்கிறதா என்று பார்க்க எடுத்ததோ
கைதவறி எடுத்ததோ.
கண்ணாடி வழியே பனிவெளிச்சம்.
மார்புக்குக் குறுக்கே சீட் பெல்ட்.
வெட்டிப் பார்த்தேன்.
பெல்ட்டை வெட்டினால் தாடை போகிறது.
தாடை வேண்டும்.

அதையே ஏற்றினேன்.

சிமென்ட் கம்பெனியில் கூப்பிட்டார்கள்.
வெந்துலா என்று ஓர் அதிகாரி,
லுபோரைவிடச் சின்னவள்.
திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"இதில் எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள்?"
"எங்கும் இல்லை. வண்டி நின்றிருந்தது."
"பின்னே பெல்ட் எதற்கு?"
இதற்கு யாரும் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை.
"சரக்கு சிந்தக் கூடாது இல்லையா" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
எதையோ எழுதிக்கொண்டாள்.
மேசைக்கு அந்தப் பக்கத்து எழுத்து
எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது.

வீடு திரும்பியபோது
தபால் பெட்டியில் ராதிமின் ரசீது.
வீடுகளுக்குப் போடும் அதே படிவம்,
வேறு அவனிடம் கிடையாது.
ஓர் அறை.
தெற்குப் பார்த்தது.
நல்ல வெளிச்சம்.