கறண்ட் இல்லாத வருசங்கள்

எண்பத்தாறிலை கொழும்பிலையிருந்து வந்தது
அந்த ஜப்பான் கீபோட்.
ஒரு விரலாலை அமத்த வயலின் வரும், புல்லாங்குழல் வரும்,
என்ரை பொங்கோவும் அதுக்குள்ளையே கிடந்தது.

எஸ்தாக்கி மாஸ்ரருக்கு அதோடை கலியாணவீடுகள் நிண்டுபோச்சு.
குருநகர் ஐஸ் பக்டரியிலை கணக்கெழுதப் போனார்.
பதினெட்டு வருசம், நாற்பத்தொரு மெட்டு,
திருவிழா மேடைகள், ஒருக்கா வானொலி.
அக்கோடியன் கட்டிலுக்குக் கீழை.

தொண்ணூறிலை கறண்ட் போச்சுது.
ஒரு நாள், ரெண்டு நாள் எண்டு எண்ணி
பிறகு ஆரும் எண்ணயில்லை.
ஐஸ் பக்டரியும் உருகி முடிஞ்சுது.
கீபோட் வைச்சிருந்தவை அதுக்குமேலை உடுப்பு மடிச்சு வைச்சினம்.
ஊர் ஜாம் போத்தலுக்குத் திரி போட்டது,
சைக்கிள் டைனமோவைச் சுத்திச் செய்தி கேட்டது.
ஆனாலும் சனம் கலியாணம் கட்டிச்சுது,
பாட்டும் வேணுமெண்டுது.

அக்கோடியனுக்குக் காத்துக் காணும்.
காத்துக்கு மட்டுந்தான் அப்ப தடையில்லை.

நாவாந்துறை, கொழும்புத்துறை, ஒருக்காச் சுன்னாகம் மட்டும்
கரியரிலை கட்டி உழக்கினம்.
துருத்தி கிழிஞ்ச இடத்துக்கு
எக்ஸ்ரே படம் வெட்டி ஒட்டினார்.
அவர் விரிக்கேக்கை
ஆரோ ஒருத்தற்றை விலா எலும்பு
விளக்கு வெளிச்சத்திலை தெரிஞ்சு மறையும்.

வெயிலுக்கு உள்மெழுகு இளகி
மேலை ரெண்டு சுரம் விழுந்துபோக
அந்த ரெண்டையும் தொடாமல் மெட்டுப் போட்டார்.
புதுசு, பதினேழு.
கலியாணக் கார்ட்டுகளின்ரை பின்பக்கம் எழுதினது;
கொப்பி விலை அப்பிடி.
முந்தின நாற்பத்தொண்டையும் விட அதுதான் திறம் எண்டு
இப்பவும் அடிச்சுச் சொல்லுவன்.

பாஷையூரிலை வாசிச்சுப்போட்டு வாற இரவு
சைக்கிளை உருட்டிக்கொண்டு சொன்னார்:
"றெஜினோல்ட், பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவேணும்.
கறண்ட் வரக்கூடாது எண்டு
வீட்டிலை இருந்த ஒரேயொரு மெழுகுதிரியை
அந்தோனியாருக்குக் கொளுத்திப்போட்டன்."

பெரியாஸ்பத்திரியிலை
ரோச் லைற் பிடிச்சு வயிறு கிழிச்ச வருசம் அது.
அவற்றை தமக்கையின்ரை மருந்து
மண்பானைத் தண்ணிக்குள்ளை கிடந்து பழுதாப்போன வருசம்.
நான் சிரிக்கயில்லை.
அதே நேர்த்திக்கு வைச்ச காசு
என்ரை சட்டைப்பையிலையும் கிடந்தது.

இடம்பெயர்ந்து, திரும்பி வந்து,
தொண்ணூற்றேழிலை ஒழுங்கையிலை லைற் எரிஞ்சண்டு
பெட்டியை மூட முதல்
காத்து விடுற பொத்தானை அமத்திப் பிடிச்சார்.
சுரமில்லாத சத்தம் ஒண்டு, நீட்டுக்கு.
ஒரு கார்ட்டைப் புரட்டிப் பென்சில் எடுத்தவர்
இதை எப்பிடியடா எழுதுறது எண்டு என்னைக் கேட்டார்.

எனக்குத் தாளந்தான் தெரியும்.
அதிலை தாளமும் இல்லை.