கூட்னிக் கணவாய், ஜனவரி

கிரெஸ்டனில் பத்துக்குக் கிளம்பினால்
டிரெயில் ஆஸ்பத்திரிக் கடிகாரத்தில் பத்தரை.
நான் ஓட்டியதோ ஒன்றரை மணி நேரம்.
போகும்போது ஒரு மணியைக் கடன் தந்து
திரும்பும்போது கறாராய்ப் பிடித்துக்கொள்ளும்
இந்தச் செல்கர்க் மலை.
கோடையில் கொடுக்கல் வாங்கல் கிடையாது.

பெட்டிக்குள் பதினான்கு குழாய் இரத்தம்.
யாருடையது என்று பார்ப்பதில்லை.
நேரம் மட்டும் பார்ப்பேன்.

உச்சியில் ஒரு சின்ன ஏரி உறைந்து கிடக்கும்.
அங்கே விழும் பனிக்கு இரண்டு விலாசம்:
கிழக்கே சரிந்தால் கூட்னி ஆறு,
மேற்கே சரிந்தால் சால்மோ.
சக்கர இடுக்கில் ஒட்டிய கிழக்குப் பனி
சால்மோ பெட்ரோல் பங்கில் உருகிச் சொட்டும்.
அவ்வளவு தண்ணீரை
ஆறு மாற்றிக் கடத்தியவன் நான்.

கரிபூ கடக்கும் இடம் என்றொரு பலகை.
கடைசிக் கரிபூவை வண்டியேற்றிக் கொண்டுபோனதை
பலகையிடம் யாரும் சொல்லவில்லை.

இன்று சாலைக் கதவு பூட்டியிருந்தது.
மேலே வெடி வைத்துப் பனியை இறக்குகிறார்கள்.
இரண்டு முழக்கம். பிறகு நீளமாய் ஒன்று,
அது வெடி அல்ல, மலை.
"நாலு மணி நேரம் ஆகலாம், நாளைக்கும் ஆகலாம்"
என்றாள் கொடி பிடித்து நின்ற மார்லீன்,
மூக்கு மட்டும் தெரிய.

ஒரு மணி வரை பார்த்துவிட்டுத் திரும்பினேன்.
வடக்கே ஏரிக்கரைச் சாலை,
படகு, நெல்சன், காஸல்கர்:
ஆறு போகிற அதே வழி.
ஆறு ஒருநாளும்
இந்தக் கணவாய் ஏறியதில்லை.

படகுக்குக் காசு கேட்பதில்லை.
வைக்கோல் லாரிக்கும் ஒரு நனைந்த நாய்க்கும் நடுவே நின்றேன்.
முதுகுக்குப் பின் பர்செல் மலை, முகத்துக்கு நேரே செல்கர்க்,
காலுக்குக் கீழே
அவசரமே இல்லாத தண்ணீர்.
எந்த வளைவில் அந்த ஒரு மணி
என் கணக்கில் வந்து சேர்ந்ததோ, கவனிக்கவில்லை.

காஸல்கரில் கூட்னி கொலம்பியாவில் விழுகிறது.
பெயர் ஒன்று குறைந்தது,
தண்ணீர் குறையவில்லை.

ஆய்வகத்தில் லோரென்சா
ஒவ்வொரு குழாயாய் விளக்கில் தூக்கிப் பார்த்தாள்.
இரண்டை ஒதுக்கி வைத்தாள்.
"இவர்கள் மறுபடி கை நீட்ட வேண்டும். போன் போட்டுச் சொல்."

இங்கே நாலே கால்.
அங்கே ஐந்தே கால், மூடிவிட்டார்கள்.
மணி அடித்து அடித்து ஓய்ந்தது.
ஜன்னலில் இருட்டு வந்திருந்தது,
மலைக்கு இரண்டு பக்கமும்
ஒரே நேரத்தில்.