தோன்றா எழுவாய்

செனோக்கோவில் எங்கள் மத்திய சமையற்கூடம்.
மாதம்தோறும் இருபத்தைந்தாம் தேதி
வேலை அட்டவணை போடுகிறவள் நான்.
நூற்றுப்பதினாறு பெயர்கள்.
காலைக்கு மஞ்சள், மாலைக்குப் பச்சை,
இரவுக்குச் சாம்பல்.

அறிவிப்புகளைத் தமிழாக்கிப்
பலகையில் ஒட்டுவதும் என் வேலைதான்.
மாற்றப்பட்டுள்ளது. அறிவுறுத்தப்படுகிறது.
பரிசீலிக்கப்படும்.
செயப்பாட்டு வினையில் ஒரு சௌகரியம்:
செய்தவர் வெளியே வர வேண்டியதில்லை.

பரிமளகாந்திக்கு ஐம்பத்து நான்கு வயது.
பதினோரு ஆண்டாகச் சாம்பார் வரிசையில்.
வரிசைத் தலைவர் வேலைக்கு
நேர்காணல் போனவளிடம் குவெக் கேட்டாராம்:
"பேரப்பிள்ளைகள் உண்டா?
தொடுதிரையெல்லாம் இந்த வயதில் வருமா?"
அந்தத் திரையை மூன்று பேருக்குப்
பழக்கிக் கொடுத்ததே அவள்தான்.
மூவரில் ஒருவன் தலைவரானான்.
நல்ல பையன்தான், இருபத்தெட்டு வயது.
அவள் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டான் இப்போது.

ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள்.
கையெழுத்து, தேதி, நகல் ஒன்று கைப்பைக்குள்.
"உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கணும்.
இப்படியா பண்ணுவே?" என்றார்
பொட்டலப் பிரிவு ஞானசிகாமணி.
"தினம் நாலாயிரம் பொட்டலம்.
இங்க உப்பிடுறது யாருண்ணே?" என்றாள்,
கரண்டியைக் கீழே வைக்காமல்.

குவெக் என் மேசைக்கு வந்தார்.
குரல் உயரவில்லை.
எனக்கும் ஒரு கோப்பி வாங்கி வந்திருந்தார்,
சீனி குறைத்து, என் ருசி தெரிந்து.
"குளிர் அறைக்கு ஆள் வேண்டும். இரவில்.
வெறும் சுழற்சிதான்."

சாம்பல் பூசினேன்.
ஒன்று, இரண்டு, இருபத்திரண்டு கட்டங்கள்.
தீபாவளிக்கு முந்தைய இரவும் சேர்த்து.
மற்ற நூற்றுப்பதினைந்து பேரும்
நின்ற இடத்திலேயே நிற்க
ஒருத்தியை மட்டும் சுற்றியது
அந்தச் சுழற்சி.

காலை ஏழேகாலுக்கு நான் இறங்கும் நிறுத்தத்தில்
அவள் ஏறக் காத்திருப்பாள்,
இந்த ஊர்ப் புழுக்கத்திலும்
விரல்களை அக்குளில் செருகிக்கொண்டு.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
"பழைய அட்டவணையெல்லாம்
கம்ப்யூட்டர்ல இருக்குமா?"
என்று மட்டும் கேட்டாள்.

இருந்தன.
ஒன்பது பிரதிகள். எந்தக் கட்டம்,
எத்தனை மணிக்கு, யார் சொல்லி.
புகாருக்கும் முதல் சாம்பலுக்கும் நடுவே
பதினாறு நாள்.

மூன்று இரவு கணக்குப் போட்டேன்.
வீட்டுக் கடன், தம்பியின் பாலிடெக்னிக் கட்டணம்,
அம்மாவின் டயாலிசிஸ்.
எப்படிக் கூட்டினாலும் வாயை மூடு என்றே வந்தது.
நாலாம் நாள் அச்சுப்பொறியில் தாள் தீர்ந்திருந்தது.
ஆஹா, சகுனம் என்று திரும்பி நடந்தேன்.
பிறகு ஒரு கட்டுத் தாளோடு வந்தேன்.

சமரச அறையில் தண்ணீர்ப் புட்டிகள், ஒரு டிஷ்யூ பெட்டி.
"இதை மாற்றியது யார்?" என்றார் அதிகாரி.
மாற்றப்பட்ட என்று தொடங்கிய நாக்கு
பாதியில் நின்றது.
உயர்நிலை இரண்டில் நான் கோட்டைவிட்ட
இரண்டு மதிப்பெண் கேள்வி.
"நான் மாற்றினேன்.
அவர் மாற்றச் சொன்னார்."

முடிவு வரவில்லை.
பரிசீலிக்கப்படுகிறது.

இம்மாத அட்டவணையைப் போட்டவள் வேறொருத்தி.
என் பெயருக்கு நேரே
வரிசையாகச் சாம்பல்.
கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன், தேதியோடு.

குளிர் அறை வாசலில்
பரிமளகாந்தி கையுறையை நீட்டினாள்.
"உள்ளுக்குப் பருத்தியில ஒன்னு போட்டுக்க.
பேனாவைச் சட்டைக்குள்ள, உடம்போட வை.
வெளியில வச்சா மை இறங்காது."