மூன்றாம் அலகு

எங்கள் ஊரில் துணி காயப்போடுமுன்
காற்றைப் பார்ப்போம்.
தென்காற்று என்றால் கொடியில்.
வாடை என்றால் வீட்டுக்குள், நாற்காலி முதுகில்.
அந்தப் புகைபோக்கி அப்படிப் பழக்கியிருந்தது.

நேற்று இரவுப்பணி எனக்கு.
பதினொன்றே காலுக்கு ஏதென்சிலிருந்து தொலைபேசி.
மின்பகிர்வு மையத்தில் யாரோ புதுப்பையன்,
மீசை முளைக்காத குரல்:
"திருமதி எவந்தியா, தீவுகளில் நல்ல காற்று.
மூன்றாம் அலகை இறக்கிவிடுங்கள்.
முழுவதுமாக. இதோடு சரி."

முந்நூறு மெகாவாட்.
இருநூற்று நாற்பது.
பழுப்பு நிலக்கரி பாதி தண்ணீர்;
அதை உலர்த்தவே கொஞ்சம் எரிக்கவேண்டும்.
முப்பத்தோரு வருஷம் அப்படி எரித்தோம்.
பட்டையில் கடைசிக் கரி வந்தபோது
ஸ்தெர்கியோஸ் தொப்பியைக் கழற்றவில்லை,
மூக்கைச் சிந்தினான்.
கைக்குட்டையில் கறுப்பு.

நூற்றிருபது. அறுபது.
பிரேக்கர் விலகிய சத்தம்
யாரோ பக்கத்து வீட்டுக் கதவைச் சாத்தியதுபோல.
சுழலி மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது,
வேலை போன செய்தி இன்னும் எட்டாத ஆள்.

காலையில் அமைச்சர் வருகிறார்.
நீல நாடா, ஒலிபெருக்கி, நாற்பது நாற்காலிகள்.
பேச்சுத்தாளில் இத்தனை இலட்சம் டன் மிச்சம் என்று இருக்கிறது.
சரியான கணக்குதான், நானே கூட்டிப் பார்த்தேன்.
ஊர்க் கணப்புகளுக்கெல்லாம் வெந்நீர்
இந்த அலகிலிருந்துதான் போகிறது என்பது
அதில் இல்லை.
ஜனவரி.

நாற்பது நிமிடம் கழித்து மறுபடி மணி.
அதே பையன், இப்போது வேறு குரல்:
"காற்று விழுந்துவிட்டது.
பல்கேரியாவிலிருந்து வருவதும் போதவில்லை.
கொதிகலன் இன்னும் சூடாக இருக்கிறதா?"

இருந்தது.
அடிக்கலத்தில் இரண்டு மூன்று மணிநேரத்துக்குக் கரியும் கிடந்தது.
"கொஞ்ச நேரத்துக்குத்தான்" என்றான்,
சிகரெட்டை விட்டவன்
பக்கத்து ஆளிடம் ஒன்று கேட்பதுபோல.

ஏற்றினோம்.
மூன்று மணி பத்து நிமிடம்வரை.
பதிவேட்டில் எல்லாம் எழுதினேன்:
நேரம், சுமை, எரித்த டன்.
ஸ்தெர்கியோஸ் எட்டிப் பார்த்தான்.
"நாடா வெட்டுகிறவர் இதையெல்லாம் படிக்கமாட்டார்."
"தெரியும்" என்றேன். பேனாவை மூடவில்லை.
பிறகு ஏதென்ஸ் "போதும்" என்றது.
நன்றி சொன்னதா, நினைவில்லை.

வீட்டுக்கு வந்து கணப்பைத் தொட்டேன்.
வெதுவெதுப்பு.
குழாயில் மிச்சமிருந்த நேற்று.

சலவை இயந்திரத்தில் ஈரப் போர்வை.
வெளியே வாடை.
பழக்கத்தில் பாதி தூரம் திரும்பிவிட்டேன்.
இப்போது
வாயில் இரண்டு துணிக்கவ்விகளோடு
கொடிக்கும் கதவுக்கும் நடுவில் நிற்கிறேன்,
வடக்கைப் பார்த்து.