உரிமை கோரப்படாதவை

மாமனாரின் ஸ்டூடியோ இப்போது என் போட்டோகொப்பிக் கடை.
இருட்டறைக்குள் லெமினேற்றிங் மெஷின்.
மேல்தட்டில் கறையான் தொடாத பிஸ்கட் தகரம்,
உள்ளே முப்பத்தொரு படங்கள்.
ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் ஒரு கணக்கு.
அந்தக் காலத்து ரசீதின் அடியில் அச்சடித்திருக்குமாம்:
மூன்று மாதத்துள் எடுக்காதவற்றுக்கு நாம் பொறுப்பல்ல.

நைலோன் கயிறு கட்டி
உடுப்புக் கிளிப்பால் கொழுவினேன், வீதியைப் பார்க்க.
முதலில் வந்தது மான்.
கழிவுத்தாளில் இரண்டை மென்றுவிட்டுப் போனது.
பிறகு ஊர்.

மூதூர் லோஞ்சில் டிக்கட் கிழித்த சாலிஹீன்
ஜெட்டிப் படத்தின் முன் நின்று தலைகளை எண்ணினார்.
"நாற்பத்தாறு. அண்டைக்கு நான் குடுத்தது நாற்பது டிக்கட்."
இன்னும் அந்த ஆறு பேரைத் தேடுகிறார்.

டொறின் பார்த்தலட், நெட்போல் அணியின் வரிசையில்,
முதலில் கண்டுபிடித்தது தன் முழங்காலை.
"முகம் ஆருக்கும் இருக்கும். இந்தத் தழும்பு எனக்கு மட்டும்தான்."

கச்சேரி நளாயினி
ஒரு கல்யாணப் படத்தைக் கழற்றச் சொன்னாள்.
காரணம் சொல்லவில்லை.
கவிழ்த்துக் கொழுவினேன்.

பதினேழாவது படத்தில்தான் சண்டை.
டச் பே மணல். பின்னால் சுவாமிமலை.
ஐம்பது அறுபது பேர், எல்லாரும் வலப்பக்கம் பார்க்கிறார்கள்,
படம் முடிகிற இடத்துக்கும் அப்பால்.

"திமிங்கிலம்," என்றார் வாடி அன்ரன்.
"மூச்சு விட்டது எனக்குக் கேட்டது."
"விசரே, நேவிக் கப்பல். கொடி கட்டி வந்தது."
"சாமி தீர்த்தமாடின நாள்."
அப்படியென்றால் ஏன் ஒருவரும் கும்பிடவில்லை?
"இது திருகோணமலையே இல்லை," என்றான்
ஏ.எல். பாஸ்பேப்பர் அடிக்க வந்த பொடியன்.
அவனை மட்டும் எல்லாரும் சேர்ந்து ஏசினார்கள்.

படத்தில் ஒருவன் மட்டும் கமராவைப் பார்க்கிறான்.
பத்து வயதிருக்கும்,
கைகள் உடம்போடு ஒட்டி.
அவனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

வெள்ளி, பூட்டுகிற நேரம்,
ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவர் வந்தார்.
இன்பநாதன், அலஸ்தோட்டம்.
பதினேழைத் திருப்பி முதுகை வாசித்தார்:
82 ஆடி. முற்பணம் 5. மிச்சம் 7.

"குடை," என்றார்.
"என்ன?"
"உங்கட மாமாவின்ர கறுத்தக் குடை.
கச்சான் தூக்கிக்கொண்டு போனது, கடலுக்கு.
அதைத்தான் பாக்கினம்.
என்னை அசையாதை எண்டவர். நான் அசையேல்லை.
அக்கா ஓடினவள்.
இடுப்பளவு நனைஞ்சு, குடையும் கையுமா, ஒரே சிரிப்பு.
அதுக்குள்ள பிலிம் முடிஞ்சுது.
பிள்ளை இல்லாத படத்துக்கு என்ன காசு எண்டு
அப்பா எடுக்க வரேல்லை."

விரல் படத்தின் கீழ்மூலைக்குப் போனது.
மணலில் ஒரு சோடிச் செருப்பு.
ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது.
அதைக் கறை என்று நினைத்து
எத்தனை தரம் துடைத்திருப்பேன்.

அக்கா இப்போது எங்கே என்று கேட்கவில்லை.
எண்பத்தைந்தைத் தாண்டிவந்த ஊரில்
அந்தக் கேள்வியைப் பாதியில் விழுங்கப் பழகியிருக்கிறோம்.

ஒரு ஐந்து, ஒரு இரண்டு.
குத்திகளை மேசையில் வைத்தார்.
வேண்டாம் என்றேன்.
அசையவில்லை.
"துண்டு எழுதித் தாங்கோ."
ரசீதுப் புத்தகத்துக்கு எங்கே போவேன்?
ஏ-ஃபோர் தாள் ஒன்றை நாலாய்க் கிழித்தேன்.
ஆற்ற பேரில?
"பவளராணி."
எழுதினேன்: முழுத்தொகையும் பெறப்பட்டது.
திகதி போட மறந்துவிட்டேன். அவரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை, வெறுங்கிளிப்பைப் பார்த்து அன்ரன்:
"எங்க பிள்ளை என்ர திமிங்கிலம்?"
குடை என்று சொன்னேன்.
பீடியைக் காதில் செருகிக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்தார்.
"குடை மூச்சு விடுமே?"